எத்தனை முறை குடித்தால் குடிகாரன்?

சென்ற ஆண்டு ஒரு பௌர்ணமி மாலை. அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு மதரஸாவின் திண்ணையில் அமர்ந்திருந்தேன். பௌர்ணமியன்று திருவண்ணாமலைத் தெருக்கள் எப்படி இருக்கும் என்று எழுதத் தேவையில்லை. மலையை வலம் வருவோரின் கூட்டம் பேருந்து நிலையத்திலேயே தொடங்கிவிடும். அந்தக் கூட்டத்தினூடே, ஒரு சிறுவனின் கையைப் பற்றியவாறு ஒரு பெண்மணி வந்து நின்றார். எங்கள் முஹல்லாவைச் சேர்ந்தவர். கணவர் சரக்கு ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவர்.

"ஹஜ்ரத், ஜமாஅத்தில் போய் முறையிட்டேன். 'உன் வீட்டுக்காரர் குடிக்கிறார், சரி. அதற்காகக் குடிகாரர் என்று சொல்லிவிட முடியுமா அம்மா?' என்கிறார்கள். எத்தனை தடவை குடித்தால் ஒரு மனுஷர் குடிகாரர் ஆவார்? உங்கள் கிதாபில் அதற்குக் கணக்கு இருக்கிறதா? கோர்ட்டிலாவது இருக்கிறதா?" என்று கேட்டார்.

முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஃபிக்ஹு சொல்லிக்கொடுக்கும் எனக்கு உடனே விடை வரவில்லை. மது ஹராம் என்பதற்கு ஆதாரம் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். ஒரு துளியும் ஆகாது என்பது நம் வீட்டுச் சிறுவனுக்கும் தெரியும். அவர் கேட்டது வேறு. ஒரு செயல் எப்போது ஒரு மனிதனின் பெயராக மாறுகிறது? 'குடித்தான்' என்னும் வினைச்சொல் எந்த இடத்தில் 'குடிகாரன்' என்னும் பெயர்ச்சொல் ஆகிறது? "பார்த்துச் சொல்கிறேன் மகளே" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அன்று தொடங்கிய தேடலில் கண்டவற்றையும், அதன் முடிவில் என் முகத்தில் அறைந்த ஓர் உண்மையையும் வாசகப் பெருமக்களின் முன் வைக்கிறேன்.

நாட்டுச் சட்டத்தின் பார்வை

நம் ஊர் நீதிமன்றத்தில் வழக்காடும் நண்பர் ஒருவரிடம் முதலில் போனேன். அவர் எடுத்துக்காட்டியது 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 510. பொது இடத்தில் போதையோடு தோன்றி, பிறருக்குத் தொல்லை தரும்படி நடந்துகொள்பவனுக்கு இருபத்து நான்கு மணி நேரம் வரை வெறுங்காவல், அல்லது பத்து ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பத்து ரூபாய் மாறவே இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 355-ஆம் பிரிவு அபராதத்தை ஆயிரம் ரூபாயாக உயர்த்தியது. சமூக சேவை என்றொரு தண்டனையையும் சேர்த்தது.

இவ்விரு பிரிவுகளையும் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். இங்கே சட்டம் பார்ப்பது தெருவின் அமைதியை. முதல் முறை விழுந்தவனும் நூறாவது முறை விழுந்தவனும் இங்கே ஒன்றே. வீட்டுக்குள் விழுபவன் இப்பிரிவின் கண்ணில் படுவதே இல்லை. அந்தப் பெண்மணியின் துயரமோ வீட்டுக்குள் இருந்தது.

அப்படியானால் 'வழக்கமான குடிகாரர்' என்ற சொல் நம் சட்டங்களில் எங்குமே இல்லையா? இருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 19-இல், ஓட்டுநர் உரிமம் பெற்றவர் வழக்கமான குடிகாரராக இருந்தால், அவர் தரப்பைக் கேட்டபின், காரணத்தை எழுதிவைத்து, உரிமத்தை இரத்துச் செய்யலாம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் யார் அவர் என்று அந்தச் சட்டம் வரையறுக்கவில்லை. அதே சட்டம் 185-ஆம் பிரிவில், நூறு மில்லி இரத்தத்தில் முப்பது மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம் என்று துல்லியமாக அளந்து சொல்கிறது. ஒரு மாலையின் போதையை அளக்கக் கருவி இருக்கிறது. ஒரு வாழ்வின் போதையை அளக்கக் கருவி இல்லை!

இன்னும் ஒரு விந்தை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 'அடிமையானவர்' யார் என்று வரையறுக்கிறது. அவர் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால் சில வழக்குகளிலிருந்து விலக்கும் தருகிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் போதைப்பொருள் பட்டியலில் மது கிடையாது. மதுவுக்கு அடிமையானவருக்கு இடம் கிடைத்தது வெகு காலம் கழித்து: 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருளின் தவறான பயன்பாட்டோடு சேர்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. ஆக, ஒரே மனிதர் தெருவில் குற்றவாளி, வண்டியில் தகுதியிழந்தவர், மருத்துவமனையில் நோயாளி. சட்டம் அவரை மூன்று வாசல்களிலிருந்து பார்க்கிறது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெயர் வைத்திருக்கிறது.

எண்ணிப் பார்த்தவர்களும் எடைபோட்டவர்களும்

வரையறுக்க முயன்றவர்களே இல்லையா என்று தேடியபோது இங்கிலாந்தின் பழைய சட்டங்கள் கிடைத்தன. 1879-ஆம் ஆண்டில் அங்கே வழக்கக் குடிகாரர்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றினார்கள். அதன் வரையறையில் கோப்பைக் கணக்கு இல்லை. பித்தர் என்று சட்டம் கொள்ளாத ஒருவர், வழக்கமான அளவுமீறிய குடியினால், சில வேளைகளில் தமக்கோ பிறருக்கோ ஆபத்தானவராக ஆகிவிட்டால், அல்லது தம்மையும் தம் காரியங்களையும் நிர்வகிக்க இயலாதவராக ஆகிவிட்டால், அவரே வழக்கக் குடிகாரர். எவ்வளவு உள்ளே போயிற்று என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு கையைவிட்டுப் போயிற்று என்பதைப் பார்த்தது அந்தச் சட்டம். அத்தகையவர் தாமாக விண்ணப்பித்தால், ஓராண்டு வரை காப்பகம் ஒன்றில் வைத்துத் திருத்த வழி செய்தார்கள். செலவு அவருடையது, ஏழைக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

1898-இல் இன்னொரு சட்டம் வந்தது. அது எண்ணிக்கையைக் கையில் எடுத்தது. ஓராண்டுக்குள் நான்காம் முறையாகக் குடிவெறிக் குற்றத்தில் தண்டிக்கப்படுபவரைச் சீர்திருத்த இல்லத்தில் மூன்று ஆண்டுகள் வரை அடைத்துவைக்கலாம் என்றது. அந்த இல்லங்கள் நீடிக்கவில்லை. சில பத்தாண்டுகளுக்குள் மூடப்பட்டன. ஆனால் 1902-இல் வந்த சட்டம் ஒன்று, வழக்கக் குடிகாரனின் மனைவி நீதிமன்றம் சென்று பிரிந்து வாழ ஆணை பெறலாம் என்று வகை செய்தது. எங்கள் முஹல்லாப் பெண்மணி கேட்ட கேள்வியை, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே ஏதோ ஒரு தொழிலாளியின் மனைவி அங்கே கேட்டிருக்க வேண்டும்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த வினாவின் அடியாழத்தைத் தொட்டது. போதைக்கு அடிமையாக 'இருப்பது' என்ற நிலையையே குற்றமாக்கித் தண்டிக்கக் கூடாது என்று 1962-இல் ராபின்சன் வழக்கில் தீர்ப்பளித்தது. 1968-இல் பவல் வழக்கில், மதுவுக்கு அடிமையானவன் பொது இடத்தில் குடித்துக் கிடந்ததற்காகத் தண்டிக்கப்படலாமா என்ற கேள்வி எழுந்தபோது, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், ஆகும் என்றது. ஒன்று இருப்பு; மற்றது செயல். இரண்டுக்கும் நடுவில் ஒரு நீதிபதியின் வாக்குதான் இடைவெளி. மனிதனின் நெஞ்சுக்குள்ளேயும் அந்த இடைவெளி அவ்வளவு மெல்லியதே.

ஷரீஅத்தின் அளவுகோல்

இப்போது நம் கிதாபுகளுக்கு வருவோம். போதை என்பது எது? திருமறையின் நான்காம் அத்தியாயம், போதையில் இருக்கும்போது தொழுகையை நெருங்க வேண்டாம் என்று தடுக்குமிடத்தில், தாம் சொல்வது இன்னது என்று அறியும் வரை என ஓர் எல்லையையும் சேர்த்துச் சொல்கிறது. நாவும் அறிவும் ஒன்றையொன்று இழந்துவிடும் நிலையே போதை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் தண்டனைக்குரிய போதையை மிகக் கடினமான எல்லையில் வைத்தார்கள்: வானத்தையும் பூமியையும், ஆணையும் பெண்ணையும் பிரித்தறியாத நிலை. அவர்களுடைய மாணவர்கள் இருவரும், பேச்சில் உளறல் மிகுந்துவிட்டால் போதும் என்றார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களோ, ஒழுங்கான பேச்சு குலைவதையும் மறைத்துவைத்த இரகசியம் வெளிப்படுவதையும் அடையாளமாகச் சொன்னார்கள்.

வழக்கக் குடிகாரனுக்கும் அரபியில் ஒரு சொல் உண்டு: முத்மின். ஹதீஸ்களில் அவனைப் பற்றிக் கடுமையான எச்சரிக்கைகள் வந்துள்ளன. ஆனால் எத்தனை முறை குடித்தவன் முத்மின் என்ற கணக்கு அவற்றில் இல்லை. தவ்பாச் செய்யாமல் அதிலேயே நிலைத்து, அந்த நிலையிலேயே மரணித்தவன் என்றே உலமாக்கள் அதற்கு விளக்கம் தந்தனர். அதாவது, உயிர் இருக்கும் வரை அந்தப் பெயர் ஒருவன்மீது முற்றாக ஒட்டிக்கொள்வதில்லை. எழுதுகோல் இன்னும் கையில் இருக்கிறது. மை இன்னும் உலரவில்லை.

தன் காரியத்தை நிர்வகிக்க இயலாதவனின் கையிலிருந்து பொருளை எடுத்துவிடலாமா என்ற கேள்வியும் ஃபிக்ஹில் 'ஹஜ்ர்' என்ற தலைப்பில் பேசப்படுகிறது. ஊதாரியாகச் செலவழிக்கும் அறிவிலியைத் தடுத்து நிறுத்தலாம் என்பது இமாம் ஷாஃபிஈயும், இமாம் அபூஹனீஃபாவின் இரு மாணவர்களும் கொண்ட கருத்து. இமாம் அபூஹனீஃபா மட்டும் மறுத்தார்கள். பொருள் அழிவது ஒரு தீங்குதான். ஆனால் வயது வந்த மனிதனிடமிருந்து மனிதன் என்ற தகுதியைப் பறிப்பது அதைவிடப் பெரிய தீங்கு என்பது அவர்களின் வாதம். இன்றும் குடிநோயாளியை வீட்டார் பூட்டிவைக்க எண்ணும்போதெல்லாம் இந்த இரண்டு வாதங்களும் எதிரெதிரே வந்து நிற்கின்றன.

போதையில் சொன்ன தலாக் செல்லுமா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி மத்ஹபில் செல்லும் என்பதே பரவலான தீர்ப்பு. தானே வரவழைத்த போதையைச் சாக்காகக் காட்டக் கூடாது என்பது அதன் நியாயம். இமாம் தஹாவி, இமாம் கர்கீ ஆகியோர் செல்லாது என்றனர். கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களின் கருத்தும் அதுவே. நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் 1956-இல் பாஸ்தேவ் வழக்கில் இதே முடிச்சை அவிழ்க்க முயன்றது. திருமண விருந்தொன்றில், இடம் விட்டு நகராத சிறுவன் ஒருவனை, குடித்திருந்த ஓய்வுபெற்ற ஜமேதார் ஒருவர் சுட்டுக்கொன்றார். தானே விரும்பிக் குடித்தவனுக்கு, குடிக்காதவனுக்கு இருக்கும் அறிவு இருந்ததாகவே கொள்ள வேண்டும்; அவனது நோக்கத்தைச் சூழ்நிலைகளைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும் என்று கூறி, கொலைத் தண்டனையை நீதிமன்றம் உறுதிசெய்தது. செயலுக்குப் பொறுப்பு உண்டு என்பதில் ஃபிக்ஹும் நாட்டுச் சட்டமும் வெகுதூரம் விலகி நிற்கவில்லை.

எண்ணியவர் சபித்தார்

இவ்வளவையும் புரட்டிய பின்பும் அந்தப் பெண்மணிக்கு விடை கிடைக்கவில்லை. ஸஹீஹுல் புகாரியில் தண்டனைகள் பற்றிய பகுதியில், நான் பலமுறை பாடம் நடத்திக் கடந்துபோன ஒரு நிகழ்ச்சியில்தான் அது இருந்தது.

அப்துல்லாஹ் என்றொரு மனிதர். மக்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ஹிமார். கழுதை என்று பொருள். பெருமானார் (ஸல்) அவர்களைச் சிரிக்கவைப்பவர். குடித்ததற்காக அண்ணலாரின் ஆணைப்படி அடிபட்டவர். மறுபடியும் ஒருநாள் அதே குற்றத்திற்காகக் கொண்டுவரப்பட்டார், மறுபடியும் அடிக்கப்பட்டார். கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்து, இவர் எத்தனை முறைதான் இப்படிக் கொண்டுவரப்படுகிறார் என்று சலித்துக்கொண்டார். அண்ணலார் தடுத்தார்கள்: அவரைச் சபிக்க வேண்டாம், அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்பதை நான் அறிவேன் என்று ஆணையிட்டுச் சொன்னார்கள்.

வாசகர்களே, 'எத்தனை முறை' என்ற கேள்வி அந்தச் சபையிலும் எழுந்திருக்கிறது! கேட்டவர் சபித்தவர். நபியவர்கள் எண்ணவில்லை. அதற்காகத் தண்டனையை விட்டுவிடவும் இல்லை. ஒவ்வொரு முறையும் அடி விழுந்தது. செயலுக்கு உரியது செயலுக்குக் கொடுக்கப்பட்டது. மனிதருக்கு உரியது மனிதரிடமிருந்து பறிக்கப்படவில்லை. நான்காம் முறை குடித்தவனுக்கு மரண தண்டனை என்று வரும் அறிவிப்பும் உண்டு. ஆயினும் நான்காம் முறை கொண்டுவரப்பட்டவரை நபியவர்கள் கொல்லாமல் அடித்து மட்டும் விட்டார்கள் என்பதையும், அறிஞர்கள் அந்த முந்திய சட்டத்தை நடைமுறையில் கொள்ளவில்லை என்பதையும் இமாம் திர்மிதி பதிவுசெய்கிறார்கள். எண்ணிக்கை இட்டுச்செல்ல இருந்த இடத்திலிருந்து ஷரீஅத் திரும்பிவிட்டது.

இந்நாட்டில் அந்தத் தண்டனைச் சட்டம் நடைமுறையில் இல்லை. நான் இங்கே எடுத்துக்கொள்வது அதன் பின்னுள்ள நியாயத்தை மட்டுமே.

என் பங்கு

இதைப் படித்து முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் உண்டு.

அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பு, அதே பெண்மணியின் கணவர் ஒருநாள் ஃபஜ்ருத் தொழுகைக்கு வந்தார். தெளிவாகத்தான் இருந்தார், முந்திய இரவின் வாடை மட்டும் போகவில்லை. முதல் ஸஃப்பில் நின்றார். "குடிகாரனுக்கு முதல் ஸஃப் கேட்கிறதா?" என்று ஒரு பெரியவர் உரக்கக் கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனார். பிறகு வாசலைக் கடந்தும் போனார். நான் கையில் தஸ்பீஹோடு அங்கேதான் இருந்தேன். வாடையோடு பள்ளிக்கு வரலாகாது என்று எனக்கு நானே ஒரு மஸ்அலா சொல்லிக்கொண்டு வாளாவிருந்துவிட்டேன். மஸ்அலா சரிதான். வெளியே போய் அவரை வீட்டுக்கு அழைத்துச் செல்ல ஒரு மஸ்அலாவும் என்னைத் தடுக்கவில்லையே! அன்றிலிருந்து அவர் ஜும்ஆவுக்கும் வருவதில்லை.

அந்தப் பெரியவரும் ஜமாஅத்தில் ஒருவர். பள்ளியின் முதல் வரிசையிலிருந்து ஒருவரைத் துரத்த வேண்டியபோது அந்தப் பெயர்ச்சொல் எங்களிடம் தயாராக இருந்தது. மனைவி முறையிட வந்தபோதோ, "குடிகாரர் என்று சொல்லிவிட முடியுமா?" என்று நாங்கள் தயங்கினோம். கதவை அடைக்க அந்தப் பெயரைப் பயன்படுத்தினோம். திறக்க வேண்டிய இடத்தில் ஒளித்துவைத்தோம்.

அரசும் இந்தக் குற்றத்திற்கு விலக்கன்று. போதை தரும் பானங்களைத் தடைசெய்ய அரசு முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 47-ஆம் பிரிவு கூறுகிறது. 1937-இல் இராஜாஜியின் ஆட்சியில் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1939-இல் நம் ஊர் அன்று சேர்ந்திருந்த வட ஆர்க்காடு மாவட்டத்திற்கும் வந்தது; 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் தளர்த்தப்பட்டது. 1983-இல் மது வாணிபத்துக்கென்றே அரசு நிறுவனம் டாஸ்மாக் பிறந்தது. 2003-இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. இன்றும் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின் கீழேதான் மது விற்கப்படுகிறது. விற்கும் கையும் பிடிக்கும் கையும் ஒரே உடலில் இருக்கின்றன. 2024 ஜூனில் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, இறந்தவர்களைத் 'குடிகாரர்கள்தானே' என்று பேசியவர்களை நான் என் காதால் கேட்டேன். அந்த ஒரு சொல் அவர்களை இரண்டாம் முறை கொன்றது.

விடை

இப்படி எழுதுவதால் குடிப்பவனுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக எவரும் கருத வேண்டாம். கணவனுக்குக் காட்டும் இரக்கத்தின் விலையை மனைவியின் உடம்பிலிருந்தும் பிள்ளைகளின் உணவிலிருந்தும் வசூலிக்க நமக்கு உரிமை இல்லை. 'பொறுத்துப் போ அம்மா' என்று சொல்வது மிக எளிது, பொறுப்பவர் நாமல்லவே!

ஆகவே அவர் வீட்டுக்கே போய், நான் கண்டறிந்ததைச் சொன்னேன். 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்தில் குடி என்ற சொல்லே இல்லை. ஆனால் கணவன் வழக்கமாக அடிப்பதும், அடிக்காமலேயே தன் கொடிய நடத்தையால் வாழ்வைத் துன்பமாக்குவதும், மனைவியின் சொத்தை விற்றுத் தீர்ப்பதும் அதில் கொடுமை என்று எழுதப்பட்டுள்ளன. இரண்டாண்டுகள் ஜீவனாம்சம் தராமல் விடுவதும் தனிக் காரணமாக உள்ளது. 'வழக்கம்' என்ற சொல்லை அந்தச் சட்டம் கோப்பையோடு சேர்க்காமல் ஓங்கிய கையோடு சேர்த்திருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமோ, திருமணத்தை முறிக்காமலேயே பாதுகாப்பு ஆணை பெற வழி தருகிறது. "மகளே, அவர் குடிகாரர் என்று நீ யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை. உனக்கு நேர்ந்ததைச் சொன்னால் போதும். கணக்குக் கேட்க ஜமாஅத்துக்கு உரிமை இல்லை" என்றேன்.

அவர் வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கு விடுதலை வேண்டாம் ஹஜ்ரத். வளையலை விற்றுவிட்டார், அதைக்கூட மறந்துவிடுவேன். யாராவது அவரிடம் மனுஷராகப் பேசினால் போதும்" என்றார்.

அடுத்த வாரம் அவரும் நானும் அரசு மருத்துவமனைக்குப் போனோம். நெடுநாள் அளவுமீறிக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம், ஆகவே மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தேன். 'மனம் வைத்தால் விட்டுவிடலாமே' என்று மிம்பரில் நின்று எத்தனை முறை எளிதாகச் சொல்லியிருக்கிறேன்! திரும்பி வரும் வழியில், அந்த ஃபஜ்ரு நாளுக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வந்தார். கடைசி ஸஃப்பில் நின்றார். நானும் மிம்பருக்குப் போகாத நாட்களில் கடைசி ஸஃப்பில் நிற்கப் பழகிக்கொண்டேன்.

விட்டுவிட்டாரா என்று கேட்பீர்கள். நான்கு மாதம் விட்டிருந்தார். பெருநாளுக்குப் பிறகு ஒருமுறை விழுந்தார். அன்று வண்டிச் சாவியைத் தாமே மனைவியிடம் கொடுத்துவிட்டார். மறுபடியும் மருத்துவமனைக்குப் போய் வருகிறார். அவர் கை ஓங்கினால் என்ன செய்ய வேண்டும் என்பது இப்போது அவர் மனைவிக்கும் தெரியும், ஜமாஅத்துக்கும் தெரியும். அவர்களுடைய மகன் மதரஸாவில் என் எதிரே அமர்ந்து ஓதுகிறான்.

எத்தனை முறை என்று நான் இப்போது எண்ணுவதில்லை. வல்ல நாயன் அவருக்கும், அவரைத் துரத்திய நமக்கும், தவ்பாவின் வாசலைத் திறந்தே வைத்திருப்பானாக.